பெயருக்குப் பின்னால் வரும் ஆசாரியும் பத்தரும்

வாசகர் ஒருவர் எழுப்பிய கருத்து: “இங்கிலாந்தில் ஸ்மித் என்றும் கார்ப்பென்டர் என்றும் டெய்லர் என்றும் தொழிலின் பெயரைக் குடும்பப் பெயராகப் பெருமையோடு வைத்துக்கொள்கிறார்கள். மரவேலை, பொன்வேலை முதலியவற்றைச் செய்வோரைக் குறிக்கும் ஆசாரி, பத்தர், தட்டார் என்பவற்றை நாம் மட்டும் ஏன் மறைக்கிறோம்? அந்தப் பெயர்கள் மீண்டும் வழக்கில் வர வேண்டும்.”

4 பிப்ரவரி, காலை

இரண்டும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஊரில் இருந்த இரண்டு ஜான்களைப் பிரித்துச் சொல்வதற்காக ஒட்டிக்கொண்ட அடையாளம் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயராக உறைந்தது. உறைந்த பிறகு அதற்கும் தொழிலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. ஆடம் ஸ்மித் என்ற பெயரைக் கேட்கும் எவரும் அவர் வீட்டில் உலை இருந்ததா என்று கேட்பதில்லை. மார்கரெட் தாட்சர் கூரை வேய்கிறவரின் பெயரைக் கணவர் வழியாகப் பெற்றுப் பிரதமராக இருந்தார். அந்தப் பெயரை வைத்து யாரும் அவருடைய பிறப்பைக் கணக்கிடவில்லை. தமிழ்நாட்டில் ஒருவர் பெயருக்குப் பின்னால் ஆசாரி என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது அவருடைய தொழில் அன்று, அவருடைய சாதி. அவர் வங்கியில் மேலாளராக இருந்தாலும் கணினி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தாலும் அப்படித்தான். பெயரை மீண்டும் வழக்கில் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

4 பிப்ரவரி, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். “ஆசாரியாரே, வாங்க” என்று ஒருவர் அழைப்பதும், பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எழுபது வயது மரத்தச்சரை “ஏ ஆசாரி, கட்டில் கால் என்னாச்சு?” என்று கேட்பதும் ஒரே பெயரைக் கொண்டுதான் நடக்கின்றன. இரண்டையும் நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இரண்டாவது முறையில் அழைக்கப்பட்டவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது என்பதே அந்தத் தெருவில் பலருக்குத் தெரியாது. பெருமை என்று பேசும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

7 பிப்ரவரி

“அப்படியானால் இந்தப் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே சாதிப் பெயர்கள்தாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். பழைய சான்றுகள் காட்டுவது வேறு.

சங்கப் புலவர் வரிசையில் தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் இருக்கிறார், தங்கால் முடக்கொல்லனார் இருக்கிறார், மதுரைப் பெருங்கொல்லன் இருக்கிறார். தங்கால் என்பது இன்றைய சிவகாசிக்கு அருகிலுள்ள திருத்தங்கல். வெண்ணாகனாரின் பெயர் அமைந்திருக்கும் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஊர், பிறகு தொழில், அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர், கடைசியில் மரியாதை விகுதி. தொழில் அங்கே ஆளை மறைக்கவில்லை; ஆளுக்கு முன்னால் நின்று அவரை அறிமுகப்படுத்துகிறது. (மற்ற இருவருக்கும் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கோயிற் பணியாளர்களுக்கு இராசராசன் ஒதுக்கிய பங்குகளைக் கூறும் நீண்ட கல்வெட்டில், 400 ஆடல் மகளிருக்குப் பிறகு வரும் பட்டியலில், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் வருகிறது. அவருடன் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் இருவரும் குறிக்கப்படுகிறார்கள். குஞ்சரமல்லன் என்பது ஆளின் பெயர். பெருந்தச்சன் என்பது அரசன் தன் பெயரையும் சேர்த்து அளித்த பட்டம். அதே கல்வெட்டில் முடிதிருத்துகிறவருக்கும் இராசராசப் பெருநாவிசன் என்ற பட்டம் இருப்பதைக் காணும்போது, இந்தப் பட்டங்கள் திறமைக்கும் பணிக்கும் தரப்பட்டவை என்பது உறுதியாகிறது. 1010இல் நிறைவடைந்த அந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்று இன்று ஒரு பெயரைச் சொல்ல முடிகிறது என்றால், கல்லில் ஒருவர் அதை வெட்டி வைத்ததுதான் காரணம்.

8 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, சோழர் காலத்தில் கம்மாளர்கள் (கொல்லர், தச்சர், தட்டார் முதலியோர்) உயர்ந்த நிலையில் இருந்தார்கள் என்று சிலர் முடிவுகட்டுவதாகத் தெரிகிறது. அந்த முடிவுக்கு எதிரான சான்று கரூரில் இருக்கிறது. அரசர் பலர் சூடிக்கொண்ட கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வெளியான அரசாணை, கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. பிறருக்கு மாளிகையும் கோபுரமும் எழுப்பிக் கொடுத்தவர்கள் தங்கள் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் ஆணை தேவைப்பட்டிருக்கிறது. பெருந்தச்சன் என்ற பட்டம் பெற்ற ஒருவரைக் கொண்டு அந்தத் தொழில் செய்த எல்லோரையும் அளக்கக் கூடாது.

9 பிப்ரவரி

பட்டம் ஆளை மறைத்துவிடும்போது என்ன நேர்கிறது என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். அவனுக்கு அந்தக் காப்பியத்தில் பெயர் இல்லை. பழி தீர்க்கும் இடத்தில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்ததாக அந்த நூல் கூறுகிறது. இது காப்பியச் செய்தி. வரலாறு என்று நான் கொள்ளவில்லை. ஆயினும் ஒருவன் செய்த குற்றத்துக்கு அந்தத் தொழிலின் பெயரைத் தாங்கிய ஆயிரம் பேர் பொறுப்பாக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றவில்லை என்பதே என்னை வாட்டுகிறது.

“தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்” என்ற பழமொழியைத் தமிழ் பேசும் எவரும் தயக்கமில்லாமல் சொல்வார்கள். நான் தட்டார் வீட்டுப் பிள்ளை. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் பழமொழிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகையில் இதையும் சொன்னார்; வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயரைச் சுமப்பது என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

15 பிப்ரவரி

பட்டறையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்காக இந்தக் குறிப்பு. நீளமாக இருக்கும்.

தாத்தாவை ஊரில் பத்தர் என்றே அழைத்தார்கள். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. உமி நெருப்புச் சட்டி, பட்டடை, சிறியதும் பெரியதுமாகச் சுத்தியல்கள், குறடு, அரம், உரைகல், கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. எடைக்குப் படிக்கற்களோடு குன்றிமணிகளும் ஒரு தகர டப்பாவில் இருந்தன. காது வளையத்தின் இரண்டு முனைகளைப் பற்றவைக்க வேண்டுமென்றால், வெண்காரத்தை நீரில் குழைத்து இணைப்பில் தடவி, அதன்மேல் பொடி எனப்படும் பற்றுலோகத்தை ஊசிமுனையளவு வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைச் சாய்த்து இணைப்பின்மேல் செலுத்துவார். மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை விடாமல் ஊத வேண்டும். இடையில் நின்றால் பொடி பாதியில் உறைந்துவிடும், கூடினால் வளையமே உருகிவிடும். பொடி பளிச்சென்று ஓடி இணைப்புக்குள் இறங்கும் அந்த நொடியில் சுடரை விலக்கிவிடுவார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. நிறத்தைப் பார்த்துத்தான் அறிவார்.

பட்டறைத் தரையைப் பெருக்கிய மண்ணை வெளியே கொட்ட மாட்டார்கள். அதைச் சாக்கில் சேர்த்து வைப்பார்கள். மண் அரிப்பவர்கள் வந்து விலை பேசி வாங்கிப்போவார்கள். அராவும்போது சிதறும் துகள், சட்டிச் சாம்பலில் தங்கும் மணி, வேலை செய்தவர் கைகழுவிய நீர் எல்லாவற்றிலும் பொன் இருக்கிறது. சேதாரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அந்தச் சாக்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பொன் தருபவருக்கும் பட்டறைக்காரருக்கும் இடையே இருந்த சந்தேகம் முழுவதும் அந்தத் துகளைப் பற்றியதுதான். தாத்தா வேலைக்குப் பொன் வாங்கும்போது தந்தவர் எதிரிலேயே எடை போட்டு, நகையைக் கொடுக்கும்போதும் அவர் எதிரிலேயே எடை போடுவார். நடுவில் யாராவது எழுந்து போனால் அவர்கள் திரும்பி வரும்வரை தராசைத் தொட மாட்டார்.

அப்பா அந்தத் தொழிலைக் கற்றார், சில காலம் செய்தார், பிறகு விட்டார். கேடிஎம் என்று ஊரெல்லாம் சொல்லும் காட்மியப் பொடி பட்டறைகளுக்கு வந்த பிறகு, அதன் புகையில் உட்கார்ந்து ஊதியவர்களுக்கு மார்புச்சளியும் மூச்சிரைப்பும் வருவதைக் கண்ணால் கண்டவர் அவர். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவம் உறுதிசெய்த செய்தி. நகை வாங்குபவருக்குத் தரம் உயர்ந்தது. ஊதியவருக்கு மூச்சு போயிற்று.

16 பிப்ரவரி

தொழில் குலைந்ததற்குக் காட்மியம் மட்டும் காரணம் என்று மேலே தோன்றினால் அது முழுமையாகாது. 1963 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யத் தடை விதித்தன. 22 காரட்டில் தாலி செய்து பழகிய நாட்டில் 14 காரட் நகையை யார் கேட்பார்கள்? நாடெங்கும் பட்டறைகள் மூடப்பட்டன. பொற்கொல்லர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாயிற்று. 1990இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பட்டறையில் உட்காராமலே வளர்ந்தார்கள். கையிலிருந்த வேலை போன பிறகும் பெயரில் இருந்த பத்தர் போகவில்லை. என் கருத்தில், தொழில்வழிப் பட்டம் முற்றிலும் சாதிப் பெயராக இறுகியது இப்படிப்பட்ட காலங்களில்தான்: வேலையைக் காட்டி “இதனால் நான் பத்தர்” என்று சொல்ல முடியாத நிலையில், பிறப்பு ஒன்றுதான் அந்தப் பெயருக்குப் பொருளாக மிஞ்சுகிறது.

2 மார்ச்

“ஸ்தபதி என்ற பட்டம் மட்டும் ஏன் இன்றும் மதிப்போடு இருக்கிறது?” என்பது நல்ல கேள்வி.

கோயிலும் சிலையும் அமைக்கும் கலைஞரைக் குறிக்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னும் வேலை இருக்கிறது. வை. கணபதி ஸ்தபதியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வள்ளுவர் கோட்டமும், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலையும் அவர் பெயரைச் சொல்கின்றன. 133 அடியில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்களுக்கு, 95 அடிச் சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும் என்ற அந்தக் கணக்கை ஓர் அளவுக்கோலாக மாற்றி, கல்லை அடுக்கி, கடலுக்கு நடுவே நிறுத்தியவர் அவர். அவரை ஸ்தபதி என்று அழைக்கும்போது யாரும் அவருடைய பிறப்பைப் பற்றிப் பேசவில்லை, செய்ததைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அவர் தந்தையும் ஸ்தபதிதான்; அதை மறுக்கவில்லை. ஆனால் 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுப் பயிற்சி மையம் இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. எந்த வீட்டில் பிறந்தவரும் விண்ணப்பித்துச் சேர்ந்து உளி பிடிக்கலாம். அறநிலையத் துறையில் ஸ்தபதி என்பது ஒரு பதவியின் பெயராகவே இருக்கிறது. படித்தும் பழகியும் அடையக்கூடிய பெயராக இருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறேன்.

3 மார்ச்

நேற்றைய குறிப்புக்கு மறுமொழியாக, “அப்படியானால் பிள்ளைகள் தந்தை தொழிலைக் கற்பதில் என்ன தவறு?” என்று ஒருவர் கேட்கிறார். விரும்பிக் கற்றால் ஒரு தவறும் இல்லை. பிறந்ததனாலேயே கற்க வேண்டும் என்னும்போதுதான் சிக்கல். 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தபோது மக்கள் அதைக் குலக்கல்வி என்று சரியாகவே அழைத்தார்கள். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. அதற்கும் முன்பே, 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இன்று நம் வகுப்பறைகளில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது யார் எந்தச் சாதி என்று தெரியாமல் இருப்பது, அந்தத் தீர்மானத்தின் பயன்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். தாத்தாவின் பத்திரிகையில் எல்லா ஆண் பெயர்களுக்குப் பின்னாலும் பத்தர் இருக்கிறது. அப்பாவுடையதில் பெரியவர்களுக்கு மட்டும் இருக்கிறது. அண்ணனுடையதில் யாருக்கும் இல்லை; அந்த இடத்தில் பி.இ., எம்.காம். என்று பட்டப்படிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. பெண்களின் பெயருக்குப் பின்னால் மூன்று பத்திரிகைகளிலும் தொழிற்பட்டம் இல்லை. பாசி கோத்ததும், மெருகு போட்டதும், மண்ணைச் சேர்த்து வைத்ததும் பாட்டிதான் என்றாலும், அவரை யாரும் பத்தர் என்று அழைத்ததில்லை.

11 மார்ச்

கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்களே, அங்கே என்ன எழுதுவது என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. தலைப்பெழுத்து முறையில் வளர்ந்த நமக்கு அந்தக் கட்டம் தொல்லைதான். வெறுமையாக விட்டால் சில நாடுகளின் விசாவில் இடர் வருகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் நுழைவில்லை என்று அறிவித்து, பிறகு கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கியது. பெரும்பாலோர் தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள். தாயின் பெயரை எழுதுவோரும் இருக்கிறார்கள்.

என் அக்கா மகன் பத்தர் என்று எழுத விரும்பினான். வெளிநாட்டில் அதைக் கேட்டு யாரும் எதையும் கணக்கிட மாட்டார்கள், தாத்தாவின் நினைவாக இருக்கட்டும் என்பது அவன் வாதம். நான் வேண்டாம் என்றேன். அக்கா அவன் பக்கம் நின்றாள். எழுதிவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அவன் போகும் ஊரில் அது ஸ்மித்தைப் போன்ற ஒரு பெயராகத்தான் இருக்கும். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதே பெயர் வேறொன்றாகிவிடும் என்பதையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

14 மார்ச்

முதல் குறிப்பில் எழுதியதை இன்னும் கொஞ்சம் தள்ளிச் சிந்திக்கிறேன். தொழிலும் பெயரும் இங்கிலாந்தில் அறுந்ததைப் போலவே இங்கும் அறுந்துகொண்டிருக்கின்றன, ஆனால் மறுபக்கத்திலிருந்து. கோயம்புத்தூர் நகைப் பட்டறைகளுக்குச் சென்று பாருங்கள். பட்டடைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். அவர்கள் யாரும் பத்தர் அல்லர். பத்தர் வீட்டுப் பிள்ளைகள் மென்பொருள் எழுதுகிறார்கள்.

அந்த இளைஞர் செய்த மாலை கடைக்கு வரும்போது அதில் என்ன பொறித்திருக்கிறது? 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முறையில் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது, 22கே916 என்ற தூய்மைக் குறி இருக்கிறது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைச் செயலியில் இட்டால் கடையின் விவரம் வருகிறது, சோதித்த மையத்தின் விவரம் வருகிறது. செய்தவர் பெயர் எங்கும் வருவதில்லை. பொன்னின் தூய்மைக்கு இவ்வளவு பாதுகாப்பு வந்தது நல்லது, வாங்குபவர் ஏமாறாமல் இருக்கிறார். அதே ஏற்பாட்டில் செய்தவர் பெயரையும் ஒரு கட்டத்தில் சேர்ப்பது தொழில்நுட்பத்துக்குக் கடினமான செயல் அன்று.

கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான்: நம்முடைய பெயருக்குப் பின்னால் தொழிலைச் சேர்ப்பதைவிட, செய்த பொருளில் செய்தவரின் பெயரைச் சேர்க்கப் போராடலாம்.

15 மார்ச்

“நடைமுறையில் முடியுமா?” என்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் திருப்பணியில் ஓரளவு முடிந்தது. குடமுழுக்குக் கல்வெட்டில் உபயதாரர் பெயர்கள் நெருக்கமாக இருந்தன. குழல்விளக்குக் கொடுத்தவரின் பெயர்கூட இருந்தது. வேலை செய்தவர்களில் ஸ்தபதி பெயர் மட்டும் ஒரு வரியில் இருந்தது. மர வாகனம் பழுதுபார்த்தவர், கலசத்துக்குப் பொன்முலாம் இட்டவர், சுதை வேலை செய்தவர்கள், கல் தூக்கியவர்கள் ஆகியோரின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் குழுவினர் தயங்கினார்கள். செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். வாகனம் பழுதுபார்த்த பெரியவர், ஊர்ப்பெயரும் ஆசாரி என்பதும் கட்டாயம் வேண்டும் என்றார். அவரோடு வேலை செய்த அவர் மகன், தலைப்பெழுத்தும் பெயரும் போதும் என்றான். சுதை வேலை செய்த பெண்கள் இருவர், முதலில் கணவர் பெயரைச் சொன்னார்கள். உங்கள் பெயர்தான் வேண்டும் என்று வற்புறுத்திய பிறகு தங்கள் பெயரைச் சொன்னார்கள். சொன்னபடியே வெட்டப்பட்டிருக்கிறது.